நாலாவது சுற்று

பிப்ரவரி 4

தம்பிக்கு,

கையெழுத்து யாருதுன்னு கவரைப் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும். கிழிச்சுப் போடாம உள்ளே வந்துட்டேன்னா, இன்னும் கொஞ்சம் படி.

பதினாலு மாசமா நான் அனுப்பின மெசேஜ் ஒண்ணுக்கும் பதில் இல்ல. கோவம்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். போன வாரம் உன் மாமா உன்னோட பழைய கூட்டாளி ஒருத்தரைப் பார்த்தாராம். "அவனால போன் திரையைப் பார்க்க முடியாதுங்க, எழுத்து மேல ஓடினாலே தலை சுத்திடும்"னு அவர் சொன்னாராம். கூடப் பிறந்த எனக்குத் தெரியல. காகிதம் ஓடாதுல்ல? அதான் எழுதறேன்.

கோவமும் இருக்கும். அந்தப் படத்தைப் பத்தி நான் இப்போ பேசப்போறதில்ல. விஷயம் வேற.

உங்க சூஃபிச் சுழலாட்டக் குழுவுக்குச் சொந்தமா ஒரு கூடம் அமைஞ்சிருக்கு. பழைய நூல் கிடங்கைச் சுத்தம் பண்ணி, தரைக்கு மரப்பலகை போட்டிருக்காங்க. அதோட நீளச் சுவர்ல சித்திரம் வரையணும்னு பல் டாக்டர் வீட்டுக்கே வந்து கேட்டார். குழுவுக்குத் தலைவரா வந்தவர், பேசி முடிக்கற வரைக்கும் என் கடைவாய்ப் பல்லையே பார்த்துட்டு இருந்தார். சரின்னுட்டேன். கடை போர்டு எழுதிப் பழகின கை, முப்பதடிச் சுவருக்குப் பயப்படாது.

ஆனா இப்போ மாட்டிக்கிட்டேன். வெள்ளை அங்கி, உயரத் தொப்பி, ரெண்டு கையும் மேல தூக்கினபடி ஒன்பது பேரைக் கரியால வரைஞ்சு வெச்சேன். கணக்கு டீச்சர் வந்து பார்த்துட்டு, "அழகா இருக்கு. ஆனா ஒருத்தர்கூடச் சுழலல. ஒன்பது பேரும் பஸ்ஸை நிறுத்தறாங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு ஒடிஞ்ச அவங்க மணிக்கட்டு கூடிடுச்சு. நீ கேக்க மாட்டே, நானே சொல்லிடறேன்.

கை எப்படி இருக்கணும்? ஏன் அப்படி இருக்கணும்? மே பத்தாம் தேதி திறப்பு. உன்னைத் தவிர யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல.

அக்கா


பிப்ரவரி 16

அக்காவுக்கு,

ஒரு தடவைக்கு எட்டு வரிதான் படிக்க முடியும். அதுக்கப்புறம் எழுத்தெல்லாம் சாய ஆரம்பிக்கும். உன் கடிதத்துக்கு ரெண்டு நாள் ஆச்சு. சுருக்கமா எழுது.

வலது உள்ளங்கை மேல பார்க்கணும். இடது உள்ளங்கை கீழ பார்க்கணும். மேல இருந்து வர்றதை வலது கை வாங்குது, இடது கை பூமியில இருக்கறவங்களுக்குக் கொடுத்துடுது. ஆடறவனுக்குன்னு நடுவுல எதுவும் தங்கக் கூடாது. எலக்ட்ரீசியனான எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்: ஒயர் கரண்டை வெச்சுக்கறதில்ல. வெச்சுக்கிட்டா எரிஞ்சு போயிடும்.

தொப்பி, கல்லறை மேல நடற கல். வெள்ளை அங்கி, பிணத்துக்குச் சுத்தற துணி. மேல போட்டிருக்கற கருப்புப் போர்வை, மூடின மண்ணு. முதல்ல போர்வையோட, நெஞ்சு மேல கையைக் குறுக்கே கட்டிட்டு, 'ஒண்ணு'ன்னு எழுதின கோடு மாதிரி நிக்கணும். போர்வையைக் கீழ விட்டா மண்ணை விட்டு எழுந்தாச்சு. அப்புறம் நாலு சுற்று. இடப்பக்கமா, இதயம் இருக்கற பக்கமா. இடது கால் ஊணின இடத்தை விடக் கூடாது. கண்ணு இடது கை கட்டைவிரல் மேல இருக்கணும்.

அஞ்சு வருஷம் முன்வரிசையில உக்காந்து பார்த்தே. ஒரு தடவையாவது கேட்டிருக்கியா?

அந்தப் படத்தைப் பத்தி நான் பேசறேன். மோட்டார் காயில் சுத்தற கடையில இப்போ உக்காந்த வேலை பார்க்கறேன். ஏணி ஏற முடியாதே. சேர்ந்த முதல் வாரம் முதலாளி, நீ வரைஞ்ச படம் வந்த பேப்பரை நீட்டி, "இது நீதானே?"ன்னார். நான் தரையில கிடக்கேன். அங்கி கலைஞ்சு கிடக்கு. தொப்பி ஓரமா உருண்டு கிடக்கு. கீழ 'விழுந்தவன்'னு பேரு, உனக்குப் பாராட்டு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

சுவருக்கு ஒரு யோசனை. நீயே மூணு நிமிஷம் சுழன்று பாரு. அப்புறம் வரை.

மே பத்தாம் தேதி நானும் சுழலப் போறேன். இதை யோசனையா சொல்லல, தகவலா சொல்றேன்.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

சுழன்றேன். மூணு நிமிஷம் எங்கே, நாற்பது விநாடி. அதுக்கப்புறம் நீலப் பெயின்ட் இருந்த வாளியில வாந்தி எடுத்தேன். உன் மாமா, "வண்ணம் கொஞ்சம் மாறியிருக்கு, நல்லாத்தான் இருக்கு"ன்னார். அந்த ஆளோட இருபத்திரெண்டு வருஷக் குடித்தனம்.

ஆனா ஒண்ணு பிடிபட்டுச்சு. சுழலும்போது ஆள் யாரும் கண்ணுக்குத் தெரியல. சுவர், ஜன்னல், மாமா தலை எல்லாம் கோடு கோடா இழுபட்டு ஓடுச்சு. என் கை ஒண்ணுதான் கையா இருந்துச்சு. வெளிய உக்காந்து பார்க்கறவ படத்தைத்தான் இத்தனை வருஷம் நான் போட்டுட்டு இருந்திருக்கேன். மறுநாள் காலையில ஒன்பது பேரையும் ஈரத்துணியால துடைச்சுட்டேன். இப்போ சுவர் முழுக்க ஓடற பட்டைகள், நடுவுல ஒரே ஒரு கை, உள்ளங்கை கீழ பார்த்தபடி. வேற ஒண்ணும் இல்ல.

பல் டாக்டர் வந்து ரொம்ப நேரம் பார்த்தார். "என்னம்மா இது, துணி காயப்போட்ட மாதிரி இருக்கு? ஜனங்க எங்கே?"ன்னார். "உள்ளே இருக்காங்க டாக்டர்"னேன். மாத்தச் சொன்னார். மாத்த மாட்டேன்னுட்டேன். முடிக்கிற வரைக்கும் பாருங்க, அப்பவும் பிடிக்கலன்னா நானே வெள்ளை அடிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கேன்.

நீ சுழலப் போறதா எழுதினதைப் படிச்சுட்டு அன்னைக்கு எனக்கு வேலையே ஓடல. இடது காதுல சமநிலை நரம்பு செத்துப் போச்சுன்னு காது டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரே. வேடிக்கை பார்க்க வாயேன்டா. குழல் வாசிக்கறவங்க பக்கத்துல உக்காந்துக்கோ. அதுல என்ன குறைச்சல்?

படம்... ஞாபகத்துல இருந்ததைத்தான் வரைஞ்சேன். அவ்வளவுதான்.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

பட்டைகளை நேரா போடாதே. ஒரு காது செத்தவனுக்கு உலகம் இடப்பக்கம் சாய்ஞ்சுதான் ஓடும். ரெண்டு காதும் நல்லா இருக்கறவனுக்கும் முதல் நிமிஷம் அப்படித்தான், சொல்ல மாட்டான். கொஞ்சம் சாய்ச்சுப் போடு.

பயிற்சி டாக்டரம்மா ஒருத்தங்ககிட்ட எட்டு மாசமாப் போறேன். சுவர்ல ஒரு எழுத்தை ஒட்டி வெச்சு, அதைப் பார்த்துக்கிட்டே தலையை ரெண்டு பக்கமும் ஆட்டணும். எழுத்து குதிக்கக் கூடாது. முதல் மாசம் அது தவளை மாதிரி குதிச்சது. இப்போ உக்காந்திருக்கு. அப்புறம் தாழ்வாரத்துல தலையைத் திருப்பிக்கிட்டே நடக்கணும். செத்த நரம்பு திரும்பாதாம். இருக்கற ஒரு காது, கண்ணு, உள்ளங்கால் மூணையும் வெச்சு மூளை புதுசா கத்துக்கணுமாம். கத்துக்கிட்டு இருக்கு.

சுழலப் போறேன்னு சொன்னேன். அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. "வலப்பக்கமா சுழன்றா உங்களுக்குச் சுலபம்"னாங்க. முடியாதுன்னேன். "ஏன்?" "இதயம் இடப்பக்கம் இருக்குங்க." "அது எனக்கும் தெரியும்"னு சொல்லிட்டு, இடப்பக்கத்துக்கே பயிற்சி எழுதிக் கொடுத்தாங்க. நேத்து நாலு நிமிஷம். கடை மூடினதும் மேசையெல்லாம் ஓரம் தள்ளிட்டு.

பல் டாக்டருக்கும் கடிதம் போட்டிருக்கேன்.

தம்பி


மார்ச் 24

அக்கா,

பல் டாக்டர் பதில் போட்டிருக்கார். முடியாதாம். அதோட நிறுத்தியிருக்கலாம். "உங்க அக்காவும் உங்களைச் சேர்க்க வேண்டாம்னுதான் எழுதிக் கேட்டிருக்காங்க"ன்னும் எழுதியிருக்கார்.

எனக்கு எழுதும்போது "வேடிக்கை பார்க்க வாயேன்டா". பின்னாடி அவருக்குத் தனிக் கடிதம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். இத்தனை நாள் சொல்லாம இருந்தேன். ஞாபகத்துல இருந்து வரைஞ்சேன்னு எழுதியிருக்கே. அன்னைக்கு நான் மயங்கல. தரையில கிடந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன். கூரை ஓடுச்சு, விளக்கு ஓடுச்சு, எல்லாரும் ஓடி வந்தாங்க. நீ எழுந்திருக்கல. மடியில நோட்டு. குனிஞ்சு வரைஞ்சுட்டு இருந்தே.

கை எப்படி இருக்கணும்னு என்கிட்ட கேக்கறே. அன்னைக்கு உன் கை எங்கே இருந்துச்சுன்னு முதல்ல சொல்லு.


மார்ச் 30

தம்பிக்கு,

பென்சில்ல இருந்துச்சு.

நீ விழுந்த சத்தம் கேட்டுச்சு. பலகையில தலை மோதின சத்தம். எழுந்திருக்கணும்னு தெரியுது, கால் வரல. கை மட்டும் போயிட்டே இருந்துச்சு. யாரோ உன்னைத் தூக்கி உக்கார வெக்கற வரைக்கும் வரைஞ்சேன். அப்புறம்தான் ஓடி வந்தேன். முதல்ல இருந்தே ஓடி வந்த மாதிரி உன் தலையைத் தடவினேன். உன் மாமாவுக்குக்கூட இது தெரியாது. ஊரெல்லாம் அந்தப் படத்தைப் பாராட்டினப்போ, தப்பு இல்லன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். தப்புதான். மன்னிப்புன்னு எழுதி எழுதி மூணு காகிதத்தைக் கசக்கிட்டேன், எப்படி எழுதினாலும் பொய் மாதிரி இருக்கு. அதனால நடந்ததை மட்டும் எழுதியிருக்கேன். படத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சுட்டேன். கிழிக்கச் சொன்னா கிழிச்சுடறேன்.

டாக்டருக்கு எழுதினதும் நான்தான். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேக்க என்னால முடியாது. பயம் எனக்கு, தண்டனை உனக்குன்னு அப்போ தோணல.

உன் கடிதம் வந்த அன்னைக்கே கூடத்துக்குப் போனேன். பயிற்சி முடிஞ்சு எல்லாரும் தண்ணி குடிச்சுட்டு இருந்தாங்க. "டாக்டர், நான் எழுதினதை வாபஸ் வாங்கறேன். அவனைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க"ன்னேன். அவர் முடியாதுன்னு தலையை ஆட்டினார். "விழுந்தா அவன் மட்டும் விழ மாட்டான்மா. போன தடவை இவங்க மணிக்கட்டு ஒடிஞ்சுது"ன்னு கணக்கு டீச்சரைக் காட்டினார்.

டீச்சர் தண்ணியைக் குடிச்சு முடிச்சுட்டு நிதானமா சொன்னாங்க: "என் பக்கத்துலயே நிக்கட்டும். எந்தப் பக்கம் விழுவான்னு இப்போ எனக்குத் தெரியும்."

எல்லாரும் சிரிச்சுட்டாங்க, டாக்டரைத் தவிர. ஆனா இறங்கி வந்துட்டார். ஏப்ரல் பத்தொன்பது, சனிக்கிழமை காலையில வந்து அவர் முன்னாடி பன்னெண்டு நிமிஷம் நிக்காம சுழலணும். அப்புறம் பேசலாம்ங்கறார்.

வருவியா?

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

வர்றேன். டிக்கெட் எடுத்தாச்சு.

கிழிக்காதே. படத்துல பொய் இல்ல. பேரை மட்டும் மாத்து. 'விழுந்தவன்'னா கதை அதோட முடிஞ்ச மாதிரி இருக்கு.

நீ உன்னோடதைச் சொல்லிட்டே. என்னோடதும் ஒண்ணு இருக்கு. அன்னைக்கு எனக்கு நாலாவது நாள் காய்ச்சல். காதுக்குள்ள இரைச்சல். காலையில குளிக்கறப்பவே குழாயைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். பல் டாக்டர் கேட்டார், ஒண்ணும் இல்லன்னேன். நீ போன்ல கேட்டே, ஜலதோஷம்னேன். என் இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு ஒரு வீம்பு. தன்னை இல்லாம ஆக்கிக்கறதுக்குத்தான் அந்தச் சுழற்சி. நான் 'நான் இல்லாம எப்படி நடக்கும்'னு போய் நின்னேன். டீச்சரோட மணிக்கட்டு அதுலதான் ஒடிஞ்சுது. அவங்களுக்கு நேத்து எழுதிட்டேன். பதினாறு மாசம் தாமதம்.

நோட்டைக் கொண்டு வா. வேண்டாம்னு சொல்லல. ஆனா விழுந்தேன்னா நோட்டைக் கீழ போடு.

தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

சாப்பிடாம, சொல்லாம ரயிலேறிட்டே. சமைச்சதை உன் மாமா ரெண்டு நாள் சாப்பிட்டுத் தீர்த்தார்.

எட்டு நிமிஷம். நான் கடிகாரத்தைப் பார்த்துட்டுத்தான் நின்னேன். நீ தோத்துட்டதா நினைச்சுட்டுப் போயிருக்கே. நீ விழல. நின்னே, ரெண்டு அடி தடுமாறினே, சுவரைப் பிடிச்சுக்கிட்டே. அவ்வளவுதான்.

உன் கை ஈரப் பெயின்ட்ல அப்படியே பதிஞ்சிருந்துச்சு. "அப்படியே விட்டுடலாமா?"ன்னு ஒருத்தர் கேட்டார். வேண்டாம்னு மேல பூசிட்டேன். உயிரோட இருக்கறவனுக்கு இப்பவே எதுக்கு நினைவுச் சின்னம்?

நீ போனப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. "வலப்பக்கம் சுழலட்டும், இல்லன்னா குழல் பக்கத்துல உக்காரட்டும்"னார் டாக்டர். டீச்சர் விடல. "நாலாவது சுற்று அஞ்சு நிமிஷம். எட்டு தாங்கறவன் அஞ்சு தாங்க மாட்டானா? எந்தக் கணக்குல இது தப்பு?"ன்னாங்க. டாக்டர் வாயைத் திறந்து மூடினார். அவர் வாயைப் பார்க்க எனக்குக் கிடைச்ச முதல் சந்தர்ப்பம்.

கடைசியில இப்படி முடிவாச்சு. முதல் மூணு சுற்றும் நீ ஓரத்துல போர்வையோட, கையைக் கட்டிட்டு நிக்கணும். உக்காரக் கூடாது, எதையும் பிடிக்கக் கூடாது. இருபத்தஞ்சு நிமிஷம். நின்னா, நாலாவது சுற்றுக்குப் போர்வையை விடலாம். நிக்க முடியலன்னா போர்வையோடவே வெளிய போயிடணும்.

இது போதுமாடா உனக்கு? நான் முடிவு பண்ண மாட்டேன். நீயே எழுது.

அக்கா


ஏப்ரல் 29

அக்காவுக்கு,

போதும்.

ஆனா டாக்டர் தனக்கே தெரியாம, எனக்கு எது கஷ்டமோ அதையே கொடுத்திருக்கார். நான் சுழலும்போது உலகம் ஓடினா தாங்கிடுவேன். நான் சும்மா நிக்க, கண்ணு முன்னாடி எட்டு வெள்ளை அங்கி ஓடிட்டு இருந்தா, அதுதான் எனக்கு விஷம். கடை மின்விசிறியைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

அதனால பயிற்சியை மாத்திட்டேன். சாயங்காலம் நாலு ரோடு கூடற முனையில போய், கையைக் கட்டிட்டு, ஓடற வண்டிகளைப் பார்த்துட்டு அரை மணி நேரம் நிக்கறேன். முதல் நாள் ஆறு நிமிஷத்துல விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். மூணாவது நாள் போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து, "யாருக்காக நிக்கறீங்க?"ன்னார். "யாருக்காகவும் இல்லீங்க, நிக்கக் கத்துக்கறேன்"னேன். என்னை மேலும் கீழும் பார்த்துட்டுப் போனார். நேத்து இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. அவர் அங்கிருந்தே கையை உயர்த்திக் காட்டினார்.

முதலாளிகிட்ட நாலு நாள் லீவு கேட்டாச்சு. எதுக்குன்னு கேட்டார். சொன்னேன். "விழுந்தா?"ன்னார். "எழுந்திருப்பேன்"னேன்.

தம்பி


மே 12

தம்பிக்கு,

பேசாமலே போயிட்டோம் ரெண்டு பேரும். ரயில் நிலையத்துல டீ கொடுத்தேன், குடிச்சே, போயிட்டே. அதனால நான் பார்த்ததை எழுதறேன்.

முதல் சுற்றுல நான் சுவரைப் பார்க்கல, சுழலறவங்களையும் பார்க்கல. போர்வைக்குக் கீழ தெரிஞ்ச உன் பாதங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன். கால் விரல் பலகையை இறுக்கிப் பிடிச்சு வெளுத்துப் போயிருந்துச்சு. ரெண்டாவது சுற்றுல உன் உதட்டு மேல வேர்வை. மூணாவதுல நீ இடப்பக்கம் மெல்லச் சாய ஆரம்பிச்சே, பக்கத்துல இருந்தவருக்குத் தெரிஞ்சிருக்காது, எனக்குத் தெரிஞ்சுது. எழுந்து நின்னுட்டேன். பின்னாடி ஒருத்தர் "உக்காருங்கம்மா"ன்னார். உக்காரல. நீயா நிமிர்ந்தே. எப்படி நிமிர்ந்தேன்னு இன்னும் எனக்குப் புரியல.

போர்வை தரையில விழுந்தப்போ சத்தமே இல்ல. டீச்சர் ஒரு அடி தள்ளி உனக்கு இடம் விட்டாங்க. கை விரிஞ்சுது, வலது மேல, இடது கீழ. பழைய வேகம் இல்ல. அங்கி முழுசா விரியக்கூட இல்ல. ஆனா ஒரு தடவைகூட கால் ஊணின இடத்தை விடல. அஞ்சு நிமிஷமும் என் ரெண்டு கையும் சும்மாவே இருந்துச்சு. நோட்டுப் பைக்குள்ள இருக்குங்கற ஞாபகமே வரல.

முடிஞ்சு எல்லாரும் கலைஞ்சப்புறம் டாக்டர் சுவர் முன்னாடி தனியா நின்னுட்டு இருந்தார். "சாய்ஞ்சிருக்கே"ன்னார். "சாய்ஞ்சுதான் ஓடும்"னேன். "ஆமாம்"னார். வெள்ளை அடிக்கச் சொல்லல.

உனக்கு உள்ளே எப்படி இருந்துச்சு? சொல்லணும்னு தோணினா சொல்லு.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஒரே மூச்சுல படிச்சேன். பதினாறு வரிக்கு மேல போச்சு, அப்புறம் எண்ணல.

பெரிசா எதுவும் நடக்கலக்கா. வெளிச்சம் வரல, கண்ணீர் வரல. மூணாவது சுற்றுல நான் சாயறது எனக்கும் தெரிஞ்சுது. எட்டு பேரும் என் மேல வந்து விழற மாதிரி இருந்துச்சு. பிடிச்சுக்க எதுவும் இல்ல. அப்போதான் முன்வரிசையில ஒரு ஆள் மட்டும் நிக்கறது தெரிஞ்சுது. எல்லாம் ஓடிட்டு இருக்கு, அந்த ஒண்ணு ஓடல. அதைப் பார்த்து நிமிர்ந்தேன். நீதான்னு அப்புறம்தான் உறைச்சுது.

சுழல ஆரம்பிச்சதும் முதல் ரெண்டு நிமிஷம் எண்ணிட்டே இருந்தேன். அடுத்து எண்ண மறந்துட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியாது, கொஞ்ச நேரம் நான் சுழலறேன்னே தெரியல. டீச்சரோட அங்கிக் காத்து மட்டும் முழங்கால்ல பட்டுட்டு இருந்துச்சு. அது போதும்.

நின்னதும் குமட்டிக்கிட்டு வந்துச்சு. ரயில் நிலையத்துல பேசாததுக்கு அதுதான் காரணம், வேற இல்ல. வாயைத் திறந்தா உன் டீ வெளிய வந்திருக்கும்.

பயிற்சி டாக்டரம்மாகிட்ட போயிட்டு வந்தேன். செத்த நரம்பு செத்ததுதான். அதுல மாத்தம் இல்ல. "இதோட நிறுத்திக்கலாமே, ஆசை தீர்ந்துச்சுல்ல?"ன்னாங்க. அடுத்த மாசத்துக்கான பயிற்சியை எழுதிக் கொடுங்கன்னேன்.

அக்டோபர்ல குழு மறுபடி ஆடுதாமே. மூணாவது சுற்றுக்கே போர்வையை விட அனுமதி கேட்டு நேத்து பல் டாக்டருக்கு எழுதிட்டேன். முடியாதுன்னு பதில் வரும். வந்ததும் மறுபடி எழுதுவேன். நீயும் எனக்காக ஒண்ணு எழுது. இந்தத் தடவை எனக்குக் காட்டிட்டு அனுப்பு.

தம்பி